மூஞ்சூறு எலி இல்லைங்க... அதோட கையைப் பார்த்தா கதை புரியும்!

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு கிரிவலம் போனவர்களுக்கு இது பழக்கமான காட்சி. 14 கிலோமீட்டர் பாதையில் பாதி தாண்டியிருக்கும், கால் வலிக்க ஆரம்பித்திருக்கும். டீக்கடை ஓரமாக உட்காரும்போது, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று 'கிச் கிச்' என்று கத்திக்கொண்டு சுவரை ஒட்டியே ஓடும். "ஐயோ எலி!" என்று ஒருவர் காலைத் தூக்குவார். "எலி இல்லப்பா, மூஞ்சூறு. பிள்ளையார் வாகனம்" என்பார் பக்கத்தில் இருப்பவர்.

விலங்கியல்படி இரண்டாவது ஆள் சொன்னதுதான் சரி. மூஞ்சூறு எலி இனமே இல்லை. அதோட நிஜமான சொந்தக்காரங்க ரெண்டு பேர். ஒருவர் முள்ளெலி. இன்னொருவர், தமிழ்நாட்டில் எங்குமே இல்லாத அகழெலி. கார்ட்டூன்களில் கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரிய கைகளால் மண்ணைத் தோண்டிக்கொண்டு வருமே, அதேதான்.

ஓடுற மூஞ்சூறுக்கும் தோண்டுற அகழெலிக்கும் கையில் என்ன வித்தியாசம்? கேள்வி சின்னதுதான். ஆனால் பரிணாமம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு இன்னும் சுலபமாகப் புரியும்.

எலி இல்லைன்னா, அப்போ அது என்ன?

மூஞ்சூறின் அறிவியல் பெயர் 'சன்கஸ் மியூரினஸ்'. 1766-ல் இதற்குப் பெயர் வைத்தவர் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ். 'மியூரினஸ்' என்றால் 'எலி மாதிரி' என்று அர்த்தம். கவனிங்க, 'மாதிரி'தான். எலியின் இனத்தில் அவர் இதைச் சேர்க்கவில்லை.

பல்லைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். எலிக்கு முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு என உளி மாதிரி பற்கள். அவை வாழ்நாள் முழுக்க வளரும், அதனால்தான் எலி எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிறது. மூஞ்சூறுக்கு அந்த உளிப்பல் கிடையாது. ஊசி ஊசியாக, வரிசையாகச் சின்னச் சின்னப் பற்கள். கரப்பான், பூச்சி, புழு ஆகியவற்றைக் கடித்து நொறுக்க அதுதான் வசதி.

இன்னொரு ஆச்சரியமும் இருக்கு. மரபணுவை வைத்துப் போடும் வம்சாவளியில் எலிகள் குரங்கு, மனிதன் இருக்கும் பெரிய கிளையில் வருகின்றன. மூஞ்சூறு, முள்ளெலி, அகழெலி மூன்றும் நாய், மாடு, வௌவால் இருக்கும் கிளையில் வருகின்றன. அதாவது, எலிக்கு மூஞ்சூறைவிட நாமதான் நெருங்கிய சொந்தம்!

தமிழில் இந்தக் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. முள்ளெலி, அகழெலி, சில ஊர்களில் மூஞ்செலி என எல்லாவற்றிலும் 'எலி' ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றுமே எலி அல்ல.

நம்ம ஊர்ல அகழெலி இருக்கா?

இல்லை. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா எனப் பூமியின் வட பாதியில் வாழும் குடும்பம் அது. இந்தியாவில் இமயமலையின் கிழக்குப் பகுதியிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் மட்டும்தான் இருக்கிறது. டார்ஜிலிங் பக்கம் ஓர் இனம், மேகாலயாவின் காசி மலைப் பகுதியில் வெள்ளை வால் கொண்ட இன்னோர் இனம்.

திருவண்ணாமலை மாவட்டத்து மல்லாட்டைக் காட்டில் வளை தோண்டிக் கிடப்பது அகழெலி இல்லை, வரப்பு எலி. அது நிஜமான எலிதான். முன்னங்காலால் பறித்து, பின்னங்காலால் மண்ணைப் பின்னே தள்ளும். நாய் குழி பறிப்பதைப் பார்த்திருப்பீங்களே, கிட்டத்தட்ட அதே டெக்னிக். அகழெலி தோண்டும் விதமே வேறு.

ஒரே வெயிட் கேட்டகரி, வேற வேற கை

வளர்ந்த பெரிய ஆண் மூஞ்சூறும், ஐரோப்பாவில் பரவலாக இருக்கும் அகழெலியும் எடையில் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டும் 100 கிராம் வாக்கில் இருக்கும். குத்துச்சண்டை மாதிரி சொன்னால் ஒரே வெயிட் கேட்டகரி. ஆனால் கையைப் பார்த்தால் ஒரு பக்கம் மாரத்தான் ஓடுகிறவர், இன்னொரு பக்கம் பளு தூக்குகிறவர்.

மூஞ்சூறின் முன்னங்கால் ரொம்பச் சாதாரணமானது. மேற்கை எலும்பு, அதாவது தோளிலிருந்து முழங்கை வரை உள்ள எலும்பு, மெல்லிய குச்சி மாதிரி இருக்கும். அது தோளில் மாட்டப்பட்டு, கடிகாரப் பெண்டுலம் போல முன்னும் பின்னும் ஆடும். ஐந்து விரல், சின்ன நகம், உள்ளங்கை தரையைப் பார்த்து. ஓடுவதற்கு இது போதும். மூஞ்சூறுக்கு ஓட்டம்தான் பிழைப்பு. உடம்பில் சக்தி வேகமாகத் தீர்ந்துவிடும் என்பதால் அடிக்கடி சாப்பிட வேண்டும், அதற்கு அலைந்துகொண்டே இருக்க வேண்டும்.

அகழெலியின் மேற்கை எலும்பைத் தனியாக எடுத்து உங்கள் கையில் வைத்தால், அது கை எலும்பு என்றே சொல்ல மாட்டீர்கள். நீளமும் அகலமும் ஏறக்குறைய சமம். ஓரங்களில் மேடும் பள்ளமுமாக, தட்டையான ஒரு துண்டு. பாலூட்டிகளில் இப்படியொரு மேற்கை எலும்பைப் பார்ப்பது அபூர்வம்.

அதோடு முடியவில்லை. நமக்குக் காறை எலும்பு தோள்பட்டையோடு சேரும். அகழெலிக்கு அது கட்டையாகி, நேராக மேற்கை எலும்போடு மூட்டுப் போட்டுக்கொள்கிறது. தோள்பட்டை எலும்பு அகலம் குறைந்து, நீண்டு, கோல் போல ஆகிவிட்டது. மார்பெலும்பின் மேல் பகுதி முன்னால் நீண்டு, அடியில் படகின் அடிக்கட்டை போல ஒரு வரம்போடு நிற்கிறது. பறவைகளுக்குப் பறக்கும் தசை ஒட்ட இப்படி ஒரு வரம்பு உண்டு. அகழெலிக்குத் தோண்டும் தசை ஒட்ட.

மார்பெலும்பு முன்னால் போனதால் தோளும் முன்னால் போய்விட்டது. அதனால்தான் அகழெலியைப் பார்க்கும்போது கழுத்தே இல்லாமல், காதோரத்தில் இருந்தே கை முளைத்த மாதிரி தெரிகிறது. உள்ளங்கையும் தரையைப் பார்ப்பதில்லை, வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது.

உங்க கையிலேயே டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்

ஸ்கூல் பெஞ்சில் உட்கார்ந்து ஆர்ம் ரெஸ்லிங் ஆடியிருப்பீங்க. முழங்கை மேசையில் ஊன்றியிருக்கும், இடம் மாறாது. எதிராளியின் கையைச் சாய்க்கும்போது உங்கள் மேற்கை எலும்பு முன்னும் பின்னும் போவதில்லை. இருந்த இடத்திலேயே ஸ்க்ரூ மாதிரி உள்பக்கமாகச் சுழல்கிறது.

இப்போது எழுந்து நடங்க. கையை வீசி நடக்கும்போது அதே எலும்பு சுழலாமல் பெண்டுலம் போல ஆடுகிறது.

நடக்கும்போது உங்கள் கை செய்வதுதான் மூஞ்சூறின் கை செய்யும் வேலை. ஆர்ம் ரெஸ்லிங்கில் செய்வது அகழெலியின் வேலை. மண்ணுக்குள் அது ஒரு கையையும் பின்னங்கால்களையும் சுரங்கச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மறுகையின் மேற்கை எலும்பைத் தன் அச்சிலேயே சுழற்றும். உள்ளங்கை மண்ணைப் பக்கவாட்டில் தள்ளும். நீச்சலில் தண்ணீரை விலக்குவோமே, அந்த மாதிரி. அதிகமான மண்ணை மேலே முட்டித் தள்ளும். ஐரோப்பியப் புல்வெளிகளில் தெரியும் சின்னச் சின்ன மண்மேடுகள் அப்படி வந்தவைதான்.

புதுத் தசையா? இல்லவே இல்லை

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. இவ்வளவு வித்தியாசமான கையில் புதுசா தசைகள் முளைத்திருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. மூஞ்சூறின் தோளில் இருக்கும் அதே முக்கியத் தசைகள்தான் அகழெலிக்கும். அதே பெயர்கள்தான், உங்கள் தோளிலும் அவை இருக்கின்றன.

ஜிம்மில் 'லாட் புல்டவுன்' செய்தால் வேலை செய்யும் முதுகுத் தசை லாட்ஸ். அதை ஒட்டி, தோள்பட்டை எலும்பின் கீழ் மூலையில் இருந்து மேற்கை எலும்புக்கு ஓடும் ஒரு தசை இருக்கிறது. பெயர் 'டெரெஸ் மேஜர்'. நம்மில் அது லாட்ஸுக்கு உதவியாளர். மூஞ்சூறிலும் அடக்கமான அளவுதான். அகழெலியில் தோண்டும் வேலையின் ஹீரோவே அதுதான். தோள் தசைகளிலேயே மிகப் பெரியதாக ஊதிப்போய், நீண்ட தோள்பட்டை எலும்பின் மீது படுத்திருக்கும். மார்புத் தசைகளும், முழங்கையை நீட்டும் ட்ரைசெப்ஸும் அதோடு சேர்ந்து பெருத்திருக்கின்றன.

தசை பெருத்தால் மட்டும் போதாது, அது எங்கே பிடித்து இழுக்கிறது என்பது முக்கியம். ஸ்க்ரூடிரைவரை யோசிச்சுப் பாருங்க. மெல்லிய கைப்பிடி என்றால் இறுகிய ஸ்க்ரூவைத் திருப்புவது கஷ்டம். தடிமனான கைப்பிடி என்றால் அதே கைபலத்தில் திரும்பிவிடும், ஏனென்றால் விசை விழும் இடம் சுழலும் அச்சிலிருந்து தள்ளியிருக்கிறது. அகழெலியின் மேற்கை எலும்பு அகலமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். டெரெஸ் மேஜர் வந்து பிடிக்கும் மேடு, எலும்பின் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு முறுக்கு விசை கிடைக்கும்.

இதில் ஒரு விலையும் உண்டு. தடித்த கைப்பிடியைத் திருப்ப பலம் கிடைக்கும், வேகம் கிடைக்காது. மூஞ்சூறு மாதிரி அகழெலியால் விருட்டென ஓட முடியாது. அதேபோல, மூஞ்சூறின் குச்சிக் கையை வைத்துக்கொண்டு இறுகிய மண்ணுக்குள் சுரங்கம் போட முடியாது. இரண்டும் ஒரே கையில் கிடைக்காது.

நடுவுல யாராவது இருக்காங்களா?

மெல்லிய குச்சி எலும்பு எப்படி ஒரே நாளில் தட்டைத் துண்டாக மாறும்? மாறவில்லை. இடைப்பட்ட கைகள் இன்றைக்கும் உயிரோடு உலாவுகின்றன.

1951-ல் சார்லஸ் ரீட் என்ற அமெரிக்க ஆய்வாளர், மூஞ்சூறு குடும்பத்தில் ஒன்று, அகழெலி ஒன்று, நடுவில் மூஞ்சூறு போலத் தோன்றும் சிறிய அகழெலி ஒன்று என மூன்றை எடுத்துக்கொண்டார். மூன்றின் கைகால் எலும்புகளையும் தசைகளையும் அவை நகரும் விதத்தையும் ஒப்பிட்டார். மூன்றும் அமெரிக்காவில் வாழ்பவை. நடுவில் இருந்த அந்தச் சிறிய அகழெலி, கையிலும் நடுவில்தான் நின்றது. தோண்டும், ஆனால் தரையிலும் சுறுசுறுப்பாக நடமாடும்.

சீனாவின் தென்மேற்கு மலைகளிலும் வடக்கு மியான்மரிலும் 'யுரோப்சிலஸ்' என்ற பிராணி உண்டு. குடும்பத்தால் அகழெலி, உருவத்தால் அசல் மூஞ்சூறு. தோண்டும் கையே அதற்கு இல்லை. அகழெலிக் குடும்பம் கிளம்பிய இடம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

இந்தப் பக்கம், மூஞ்சூறு குடும்பத்திலும் தோண்டும் பாதையில் சில அடி வைத்தவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1850-ல் இலங்கையைச் சேர்ந்த மருத்துவர் எட்வர்ட் ஃபிரெடெரிக் கெலார்ட் பதிவு செய்த நீள்நக மூஞ்சூறு அது. இலங்கையின் நடு மலைநாட்டிலும், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளிலும் மட்டுமே வாழ்கிறது. முன்னங்கால் நகங்கள் மட்டும் நீண்டு வளர்ந்திருக்கும். மலைக்காட்டின் ஈர மண்ணிலும் இலைச்சருகிலும் கிளறிப் புழு தேட அது உதவுகிறது. அகழெலி அளவுக்கு எலும்பு மாறவில்லை, நகம்தான் நீண்டிருக்கிறது.

ஆறாவது விரலும், ஹார்மோனும்

அகழெலியின் கையை எண்ணிப் பார்த்தால் கட்டைவிரல் பக்கம் கூடுதலாக ஒன்று இருக்கும். பார்க்க ஆறாவது விரல், ஆனால் உண்மையான விரல் இல்லை. மணிக்கட்டில் இருந்த ஒரு சின்ன எலும்பு அரிவாள் வடிவில் நீண்டு, உள்ளங்கையின் அகலத்தைக் கூட்டியிருக்கிறது. மண்வெட்டியின் தகட்டை அகலப்படுத்தியது போல. 2011-ல் சூரிச் பல்கலைக்கழகக் குழு, ஸ்பெயின் பக்கத்து அகழெலிக் கருக்களைப் பார்த்து, மற்ற விரல்கள் உருவான பிறகுதான் இது வளர்கிறது என்று காட்டியது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது மூஞ்சூறு குடும்பத்தில் ஒன்றை. அதில் இப்படி எதுவும் இல்லை.

2020-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். அகழெலிப் பெண்களுக்குக் கருப்பையோடு சேர்ந்த சூலகத்தில், விந்தகத்தைப் போன்ற திசுவும் இருக்கிறது. அது ஆண் ஹார்மோனைச் சுரக்கிறது, ஆனாலும் அவை குட்டி போடுகின்றன. இதற்குப் பின்னால் இருக்கும் மரபணு மாற்றங்களை அந்த ஆய்வு கண்டுபிடித்தது. அதில் ஒரு மாற்றத்தைச் சுண்டெலிகளில் செய்து பார்த்தபோது, அவற்றுக்கும் ஆண் ஹார்மோன் அளவு கூடியது, பிடிபலமும் கூடியது. மண்ணுக்குள் ஆணும் பெண்ணும் தனித்தனியாகத் தோண்டித்தான் பிழைக்க வேண்டும். தசை பலம் இருவருக்குமே தேவை.

பிள்ளைப்பூச்சியைப் பார்த்திருக்கீங்களா?

அகழெலியைப் பார்க்க டார்ஜிலிங் போக முடியாதவர்கள், மழைக்குப் பிறகு நம்மூர் ஈர மண்ணைக் கிளறினால் போதும். பிள்ளைப்பூச்சி கிடைக்கும். அதன் முன்னங்காலை போனில் மேக்ரோ மோடில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். குட்டை, அகலம், ஓரத்தில் பல் பல்லாக, வெளிப்பக்கம் திரும்பிய மண்வெட்டி. அகழெலியின் கை அப்படியே!

ஒன்று பூச்சி, எலும்பே கிடையாது. இன்னொன்று பாலூட்டி. இருவருக்கும் சொந்தமே இல்லை. மண்ணைத் தள்ள வேண்டும் என்ற ஒரே தேவை இருவரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. மூஞ்சூறும் அகழெலியும் இதற்கு நேர்மாறு. சொந்தம், ஆனால் பிழைப்பு வேறு என்பதால் கை வேறாகிவிட்டது. வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துச் சொந்தம் பேச முடியாது என்பதற்கு இரண்டு பக்கமும் சாட்சி கிடைத்துவிட்டது.

சரி, இது தெரிஞ்சு நமக்கு என்ன?

இரண்டு காரணம் இருக்கு. முதல் காரணம் திருவண்ணாமலையில் இருந்து அதிக தூரம் இல்லை. 1964-ல் வேலூர் தொட்டப்பாளையத்தில் பிடிபட்ட ஒரு மூஞ்சூறில் இருந்து புது வைரஸ் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. அந்த ஊர்ப் பெயரிலேயே அது இன்றும் 'தொட்டப்பாளையம் வைரஸ்'. பின்னாளில் அது ஹன்டா வைரஸ் குடும்பம் என்று தெரியவந்தது. ஹன்டா என்றாலே எலி, கொறிப்பன என்றுதான் பல காலம் விஞ்ஞானிகளின் கவனம் இருந்தது. 2000-களின் பிற்பகுதியில் மூஞ்சூறு, அகழெலி குடும்பங்களில் தேட ஆரம்பித்த பிறகு, புதுப்புது ஹன்டா வைரஸ்கள் வரிசையாகக் கிடைத்தன. எது எலி, எது எலி இல்லை என்பது பாடப்புத்தகச் சண்டை மட்டும் இல்லை. நோயை எங்கே தேட வேண்டும் என்பதையும் அது தீர்மானிக்கிறது. (எந்தக் காட்டுப் பிராணியையும் போல, மூஞ்சூறையும் வெறும் கையால் தொட வேண்டாம்.)

இரண்டாவது காரணம் நம் வீட்டுக்குள் இருக்கிறது. எலிக்கு என்று வைக்கும் பசை அட்டையில் பல நேரம் மாட்டுவது மூஞ்சூறு. சுவரை ஒட்டியே ஓடும் பழக்கம்தான் அதற்கு எமன். அது உங்கள் அரிசி மூட்டையைக் கடிக்க வரவில்லை, கரப்பானைத் தேடி வந்திருக்கும். நாற்றம் அடிக்கும், ராத்திரியில் கத்தும், சமையலறையில் திறந்து வைத்ததில் வாய் வைக்கும், உண்மைதான். ஆனால் வயரைக் கடித்தது, துணியைக் கொறித்தது போன்ற எலியின் வழக்குகளை இதன் தலையில் போடுவது நியாயமில்லை.

எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

முகம்: மூக்கு நீண்டு, வாயைத் தாண்டி முன்னால் துருத்திக்கொண்டு இருக்கும். எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும்.

கண், காது: கண் கடுகு மாதிரி. காது சிறியது, தலையோடு ஒட்டியிருக்கும். எலிக்கு இரண்டும் எடுப்பாகத் தெரியும்.

வால்: அடியில் தடித்து நுனியில் கூராகும், ஆங்காங்கே நீண்ட முடி நீட்டிக்கொண்டு இருக்கும்.

வாசனை: ஒருமுறை வந்தால் மறக்காது!

குட்டிகளோடு போகும்போது பார்த்தால் சந்தேகமே வராது. ஒன்றின் பின்பக்கத்தை இன்னொன்று கவ்விக்கொண்டு, ரயில் பெட்டி மாதிரி வரிசையாகத் தாயின் பின்னால் ஓடும்.

அடுத்த பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போனால், வழியில் இருக்கும் பிள்ளையார் சந்நிதிகளில் வாகனத்தின் முன்னங்காலையும் ஒருமுறை பாருங்க. அப்புறம் டீக்கடை ஓரம் 'கிச் கிச்' சத்தம் கேட்டால் காலைத் தூக்க வேண்டாம். அது பாட்டுக்குச் சுவரோரமாகப் போய்விடும்.